மாப்பிள்ளை வாங்கி வந்த நாலு பெட்டி

அவரை எல்லோரும் டேப் என்றே அழைத்தார்கள். இடுப்பு வாரில் ஐந்து மீட்டர் அளவு டேப் ஒன்று எப்போதும் மாட்டியிருக்கும். ஒருமுறை ஜன்னல் திரைக்குத் துணி எடுக்கப் போன கடையில், ஜன்னலின் அகலத்தை மூன்றாவது தடவை சொல்லி, ஓரம் மடிக்க நாலு சென்டிமீட்டர் தனி என்றும் விளக்கினார். "ஐயா, திரை ஜன்னலுக்கா, ராக்கெட்டுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். அதை அவர் மனைவி இருபத்தாறு வருஷமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

டேப் பதினோரு வருஷம் டெலிபோன் லைன் வேலை பார்த்தவர். அதன் பிறகு பத்தொன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குக் கேபிள் இழுக்கிறார். பள்ளிக்கூடங்கள், அலுவலகங்கள், இரண்டு மருத்துவமனைகள், ஓர் அச்சகம் என்று அவர் கை படாத கூரை அந்தப் பக்கத்தில் குறைவு. அந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. வேலை நன்றாக இருந்தால் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். கேபிள் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் போய் மறைந்துவிடும். பிறகு அங்கே ஒருவர் இருந்தார் என்ற நினைவுகூட யாருக்கும் இருக்காது. டேப்புக்கு அதில் வருத்தம் இல்லை. "என்னத் தேடி ஆளு வந்தா வேலை கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்பார். அவருக்குக் கூட்டாளி அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. ஏணி பிடிப்பதில் பாதி, பேச்சில் மீதி என்று நாளை ஓட்டுகிறவன்.

எட்டு மாதத்துக்கு முன் டேப் தன் ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தார். சம்பந்தியம்மா ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் நடத்துகிறவர். மாப்பிள்ளை அங்கே வரவேற்பையும் சாமான் வாங்குவதையும் கவனித்துக்கொண்டார். மகளும் அதே லேப்பில் ரத்த மாதிரிகளைப் பிரித்து அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த லேப் புதிதாக இரண்டாம் மாடிக்கு மாறுவதாக முடிவானதும், நெட்வொர்க் வேலை வேறு யாருக்குப் போகும்? ஒரு வியாழக்கிழமை காலை டேப் அளக்கப் போனார்.

கேபிள் போய்ச் சேர வேண்டிய பாயின்ட் மொத்தம் இருபத்திரண்டு. பக்கத்தில் இருப்பது பதினான்கு மீட்டர். தூரத்தில் இருப்பது கடைசிச் சாமான் அறை. தரையில் அளந்தால் எழுபத்தேழு. கூரைக்கு ஏறி மறுபடி இறங்கும் ஆறு மீட்டரையும் சேர்த்தால் எண்பத்து மூன்று. சுவருக்குள் போகும் கேபிள் தொண்ணூறைத் தாண்டக்கூடாது. தாண்டவில்லை என்று டேப் திருப்தியோடு டேப்பைச் சுருட்டினார்.

"சம்பந்தி, விலையப் பத்தி யோசிக்காதீங்க" என்றார் சம்பந்தியம்மா. "இருக்கறதுலயே ஒசந்தது எதுவோ அதப் போடுங்க."

"ஒசந்தது வேணாம்மா, பொருத்தமானது போதும். கேட் சிக்ஸ்னு ஆறாம் நம்பர் கேபிள், முழுச் செம்பு. மேல தகடு சுத்தாதது."

"தகடு சுத்தினதுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

"அது வெல கூடவா?"

"கூடத்தான்."

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் தகடு இல்லாதது?"

டேப்புக்கு வேர்த்தது. கையில் இருந்த துண்டுக் கேபிளின் தோலை உரித்துக் காட்டினார். உள்ளே எட்டுக் கம்பி. இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒவ்வொரு நெருக்கத்தில் முறுக்கியிருக்கும். வெளியிலிருந்து மின்சார இரைச்சல் வந்தால் ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக விழும். மறுமுனையில் ஒன்றையொன்று கழித்துவிடும். பக்கத்து ஜோடி பேசுவது இந்த ஜோடிக்குக் கேட்காமல் இருப்பதும் இந்த முறுக்கால்தான். பெரிய மோட்டார்கள் ஓடும் தொழிற்சாலைக்குத்தான் தகடு வேண்டும். தகடு போட்டால் அதை எர்த்தில் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டடத்தில் அதற்கான எர்த் சரியாக இல்லை. எர்த் இல்லாத தகடு இரைச்சலைத் தடுக்காது, வாங்கி உள்ளே விடும். லேப்பில் இருப்பதோ இரண்டு குளிர்பெட்டி, ரத்தத்தைச் சுழற்றும் ஒரு மெஷின். கரன்ட் வயரை விட்டு ஓர் அடி தள்ளிக் கேபிளைக் கொண்டுபோனால் வேலை முடிந்தது.

சம்பந்தியம்மா நோயாளியின் கதையைக் கேட்பதுபோல் தலையசைத்துக் கேட்டார். அந்த நேரத்தில் மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கி, "மாமா, கேட் செவன்னு ஒண்ணு போட்டிருக்கான். ஏழு ஆற விடப் பெருசுதானே?" என்று கேட்டார்.

"பெருசுதான் மாப்ள. ஆனா செருப்பு வாங்கும்போது பெரிய நம்பரா பாத்து வாங்க மாட்டோம்ல?"

மாப்பிள்ளை சிரித்தார். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டார். "என்னங்க, சம்பந்தி வீட்டுல போய் ஒசந்தது வேணாம்னா சொல்லுவாங்க? பொண்ணு இருக்கற எடம்."

"கேபிளுக்குச் சம்பந்தி வீடு தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியணும்ல?"

திங்கட்கிழமை காலை புது மாடிக்குப் போன டேப், கதவருகே நாலு பெட்டி அடுக்கியிருப்பதைக் கண்டார். பளபளவென்று கருப்பும் தங்கமுமாகப் பெட்டி. மேலே பெரிய ஏழு. பக்கத்தில் மாப்பிள்ளை, பிறந்த குழந்தையைக் காட்டும் தகப்பன்போல் நின்றார்.

"மாமா, நீங்க அலைய வேணாம்னு நானே வாங்கிட்டேன். ஏழு! தகடு சுத்தினது! அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

டேப் வாய் நிறைய, "ரொம்ப சந்தோஷம் மாப்ள" என்றார். ஆனால் இந்த மாப்பிள்ளை லேப்புக்காக இதற்கு முன் வாங்கிய சாமான்களின் கதை அவருக்கு மகள் மூலம் தெரியும். உட்கார்ந்தால் கீச்சிடும் இருபது நாற்காலி. காகிதத்தைத் தின்னும் பிரின்டர் ஒன்று. எது கெட்டாலும் சம்பந்தியம்மா எல்லோர் முன்னாலும் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: "இவன் வாங்கினா அப்படித்தான்." அதற்குப் பிறகு மாப்பிள்ளை இரண்டு நாள் வீட்டில் பேச மாட்டாராம்.

மாப்பிள்ளை போனதும் டேப் ஒரு பெட்டியைத் தூக்கினார். தூக்கிய கை எதிர்பார்த்ததற்கு மேலே போனது. அவ்வளவு லேசு. பத்தொன்பது வருஷமாகப் பெட்டி சுமந்த தோளுக்குத் தராசு வேண்டாம் என்றாலும், அவருக்கு எண் தெரிந்தாக வேண்டும். மூலையில் நோயாளிகளுக்கான எடை மெஷின் இருந்தது. தனியாக ஏறினார்: எழுபத்தொன்று நானூறு. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார்: எண்பது அறுநூறு. அப்படியானால் பெட்டி ஒன்பது கிலோ இருநூறு கிராம். தகடு சுற்றாத கேட் சிக்ஸ் பெட்டியே முழுச் செம்பாக இருந்தால் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. தகடு சுற்றியது இன்னும் கனக்க வேண்டும்.

"என்ன சம்பந்தி, பொட்டியக் கட்டிப் புடிச்சிட்டு எடை பாக்கறீங்க?"

வாசலில் சம்பந்தியம்மா நின்றார்.

"எடை... கொஞ்சம் ஏறிட்ட மாதிரி இருந்துச்சும்மா."

"பொட்டிய எறக்கி வெச்சிட்டுப் பாருங்க, கொறஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

டேப் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு சாண் கேபிளை வெட்டி, ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், அடியில் வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு. இரண்டு தடவை மடக்கினார். மூன்றாவது தடவை ஒடிந்தது.

"நேராச் சொல்லிடுங்க அத்தான்" என்றான் மச்சான்.

"யார்கிட்ட? மாப்பிள்ளைகிட்ட, நீங்க ஏமாந்துட்டீங்கன்னா? அவங்கம்மா காதுல விழுந்தா?"

"அப்ப பேசாம இதையே போட்டுட்டுப் போங்க. கூரைக்கு மேல யார் பாக்கப் போறா?"

"நாலு கேமராவும் மூணு போனும் இந்தக் கேபிள்லயே கரன்ட் எடுக்குது. அலுமினியம் சூடாகும். தூரத்து அறைக்குப் போறதுக்குள்ள கரன்ட் பாதி வழியிலயே களைச்சுப் போயிடும். ரிசல்ட்டு நிக்கும், கம்ப்யூட்டர் நிக்கும். அப்ப எம் பொண்ணு அந்த எடத்துல ஒக்காந்திருப்பா, உங்கப்பன் இழுத்த கேபிள்னு கேட்டுட்டு."

"சொன்னா மாப்பிள்ளைக்கு அவமானம். சொல்லாட்டி உங்களுக்கு. நல்லா மாட்டினீங்க அத்தான்" என்று மச்சான் உற்சாகமாகச் சொன்னான்.

சாயங்காலம் மகள் போனில் பேசினாள். "அப்பா, அவர் முகத்தப் பாக்கணுமே! கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு சந்தோஷமா இல்ல. நீங்க பாட்டுக்கு அளக்கறேன் நிறுக்கறேன்னு ஏதாவது சொல்லி வெக்காதீங்க."

நிறுத்தாகிவிட்டது என்பதை டேப் அவளிடம் சொல்லவில்லை.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தான் சொன்னால்தானே குற்றம்? கேபிளைச் சோதிக்கும் மெஷின் சொல்லட்டும். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "நாளைக்கு ஒரு லைன் இழுத்துச் சோதிச்சுப் பாப்போம் மாப்ள. எந்தக் கேபிள் வந்தாலும் சோதிக்கறது என் வழக்கம். எங்கிட்ட இருக்கற கேட் சிக்ஸ்லயும் ஒரு லைன் இழுப்போம், சும்மா பக்கத்துல வெச்சுப் பாக்கறதுக்கு" என்றார். ஒன்பது மணிக்கு வரச் சொன்னார். சம்பந்தியம்மா லேப்புக்கு வருவது பத்து மணிக்கு. அந்த ஒரு மணி நேரத்துக்குள், இரண்டு ஆண்களுக்கு இடையில், காதும் காதும் வைத்தமாதிரி முடித்துவிடலாம் என்பது திட்டம்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதுக்கு மாப்பிள்ளை வந்தார். கூடவே சம்பந்தியம்மா வந்தார். மகள் வந்தாள். லேப்பின் மூன்று பெண்களும் வந்தார்கள். "எங்க ஏழு என்ன பண்ணுதுன்னு எல்லாரும் பாக்கணும்னாங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. உட்கார ஒரு நாற்காலியும் வந்தது. சம்பந்தியம்மா அதில் உட்கார்ந்தார், நாற்காலி கீச்சிட்டது.

டேப்பும் மச்சானும் ஏழு மணிக்கே வந்து சாமான் அறை வரை இரண்டு லைனும் இழுத்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் கேபிளுக்கு இரண்டு முனையிலும் அப்போதே சாக்கெட் கட்டியாயிற்று. டேப் தன் கேபிளில் தூரத்து முனையை மட்டும் கட்டியிருந்தார். இப்போது இந்த முனைக்கு உட்கார்ந்தார். சுற்றிலும் ஆட்கள். முப்பது வருஷத்தில் அவர் வேலை செய்வதை இத்தனை பேர் ஒன்றாக நின்று பார்த்ததே இல்லை.

"எவ்வளவு நேர்த்தியாப் பண்றாரு பாருங்க" என்றார் ஒரு பெண்.

"சீப்பு போட்டு வாரின மாதிரி இருக்கு" என்றார் சம்பந்தியம்மா.

டேப்பின் காது சிவந்தது. கம்பிகளை இன்னும் கொஞ்சம் நேராக்கினார். இன்னும் கொஞ்சம். எட்டும் எட்டு நிறக் கோடாக, இணையாக, விறைப்பாக நின்றன. படம் எடுத்து மாட்டலாம்போல் இருந்தது.

மெஷினில் முதலில் மாப்பிள்ளையின் கேபிளை மாட்டினார்கள். பத்து விநாடி ஓடியது. திரை சிவந்தது. கம்பியின் மின்தடை வரம்புக்கு மேல் எங்கேயோ நின்றது.

"செவப்புன்னா என்ன?" என்றார் சம்பந்தியம்மா.

டேப் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஃபெயில்தானே? எனக்குத் தெரியும். இவன் வாங்கினா..."

"இருங்கம்மா, இன்னொண்ணு பாக்கணும்" என்று டேப் அவசரமாக இடைமறித்துத் தன் கேபிளை மாட்டினார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அப்பாவைப் பார்த்த பார்வையில், ஏம்ப்பா இப்படிப் பண்ணினீங்க என்பது எழுதி ஒட்டியிருந்தது. பத்து விநாடி ஆயிற்று.

திரை சிவந்தது.

மச்சான், "அய்யய்யோ" என்று உரக்கவே சொல்லிவிட்டான். டேப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சிவப்புதான். கிராஸ்டாக்: ஒரு ஜோடி பேசுவது இன்னொரு ஜோடிக்குக் கேட்கிறது. கோளாறு எங்கே என்றும் மெஷின் காட்டியது. இந்த முனையில், அவர் கண் முன்னால்.

முதலில் வாய் திறந்தவர் மாப்பிள்ளை. "மாமா, மெஷின் பழசா இருக்கும். உங்க வேலையாவது ஃபெயிலாவது!" உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

நல்ல வழி அது. ஆமாம் மாப்ள, மெஷின்தான் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு பேர் மானமும் ஒரே மூட்டையில் பத்திரமாக வீடு போய்ச் சேரும். மச்சான் பின்னாலிருந்து தலையை ஆட்டி, சொல்லுங்க, சொல்லுங்க என்று ஜாடை காட்டினான். ஆனால் மெஷின் பழசு என்றால் அந்தக் கேட் செவனும் பாஸ் ஆகிவிடும். கூரைக்கு மேலே போய்விடும்.

டேப் இடுப்பிலிருந்து டேப்பை உருவினார். தன் முனையில் முறுக்குப் பிரித்த நீளத்தை எல்லோரும் பார்க்க அளந்தார்.

"நாலரை சென்டிமீட்டர். ஒண்ணுக்கு மேல பிரிக்கக்கூடாது. மெஷின் மேல தப்பில்ல மாப்ள, எம்மேலதான். சம்பந்தி சீப்பு போட்டு வாரின மாதிரி இருக்குன்னாங்களா, தலைகால் புரியல. அழகா இருக்கட்டும்னு வாரிக்கிட்டே போயிட்டேன். முறுக்குதான் இந்தக் கேபிளுக்கு உயிர், அதப் பிரிச்சுப் போட்டுட்டு ஒக்காந்திருக்கேன்."

முதலில் சிரித்தது மகள். அடக்கப் பார்த்து முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். லேப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். "முப்பது வருஷ சர்வீஸ் அத்தான்!" என்று மச்சான் சுவரில் சாய்ந்தான். சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் நாற்காலி விடாமல் கீச்சிட்டது.

"அப்ப நான்தான் கெடுத்தேனா சம்பந்தி?"

"நீங்க பாராட்டினதுதாம்மா கெடுத்துச்சு. திட்டியிருந்தா ஒழுங்கா செஞ்சிருப்பேன்."

டேப் முனையை வெட்டி எறிந்தார். இந்தத் தடவை முறுக்கைச் சாக்கெட்டின் வாய் வரை கொண்டுபோய், கடைசி ஒரு சென்டிமீட்டரை மட்டும் பிரித்து அழுத்தினார். பார்க்க அவ்வளவு அழகாக இல்லை. தூங்கி எழுந்த தலைபோல் இருந்தது. மெஷினில் மாட்டினார். பச்சை.

மாப்பிள்ளை பச்சையைப் பார்த்தார். தன் கேபிளைப் பார்த்தார். "அப்ப எம் முனையையும் இப்படிக் கட்டிப் பாப்போமா மாமா?"

"பாக்கலாம் மாப்ள. ஆனா முன்னாடி கத்தியால கம்பிய லேசாச் சொரண்டிப் பாருங்க."

மாப்பிள்ளை தானே சுரண்டினார். ஒரு கம்பி, இன்னொரு கம்பி. "வெள்ளையா இருக்கே. செம்புன்னுல்ல போட்டிருந்தான்?" முகம் சிவந்தது. ஆனால் சற்று முன் மாமனார் அத்தனை பேர் முன்னால் டேப்பை நீட்டித் தன் தப்பை அளந்து காட்டியதை அவரும் பார்த்திருந்தார். கம்பியைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "அம்மா, நான் ஏமாந்துட்டேன். படத்தப் பாத்து, பெரிய நம்பரப் பாத்து வாங்கிட்டேன். மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

எல்லோரும் சம்பந்தியம்மாவைப் பார்த்தார்கள். வழக்கமான வாசகம் அவர் உதடு வரை வந்தது தெரிந்தது. அவர் கம்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆளப் பாத்தா தங்கமாட்டம் இருக்கான், உள்ள வேற ஒருத்தன்" என்றார் கம்பியைப் பார்த்து. பிறகு மகனிடம் திரும்பினார். "செம்புன்னு எழுதிக் குடுத்து அலுமினியத்த வித்தவன் இருக்கானே, அவன விட்டுட்டு ஒன்னச் சொல்லி என்ன பண்றது? எவன்டா அவன்? போனப் போடு."

அடுத்த அரை மணி நேரத்தில் டேப் ஏணி மேல் இருந்தார். தலையும் தோளும் கூரைத் துளைக்குள். கால் மட்டும் வெளியே. மேலே கரன்ட் வயருக்கும் தன் கேபிளுக்கும் நடுவில் ஓர் அடி இருக்கிறதா என்று டார்ச் அடித்து அளந்துகொண்டிருந்தார். கீழே மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"சார், நான் கத்தியால சொரண்டிட்டுதான் பேசறேன்... இல்ல சார், வெளிச்சத்துல வெள்ளையாத் தெரியல, வெள்ளையாவே இருக்கு... மூணு தடவை மடக்கினா ஒடியுது சார், செம்பு ஒடியுமா?"

"எங்கிட்டக் குடு" என்று சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. "தம்பி, நான் ரத்தத்துல இரும்பு எவ்வளவுன்னு கண்டுபிடிக்கறவ. உன் கம்பியில என்ன இருக்குன்னு எங்கிட்டயே சொல்றியா?"

"அம்மா, கொஞ்சம் இருங்க, அவன் ஒத்துக்கறான்..."

"ஒத்துக்கிட்டா மட்டும் போதுமா? நாலு பொட்டியையும் அவனே வந்து எறக்கிட்டுப் போகச் சொல்லு. ரெண்டாவது மாடின்னு சொல்லு."

தாயும் மகனும் ஒரே போனில் ஒரே ஆளைப் பிடித்து உலுக்குவதை டேப் கூரைக்குள் இருந்தபடி கேட்டார். சிரிப்பு வந்தது. இருட்டில், தூசியில், யாரும் பார்க்காத இடத்தில் குலுங்கிச் சிரித்தார். ஏணி ஆடியது.

"அத்தான், ஆடாதீங்க!" என்று மச்சான் கீழிருந்து கத்தினான்.

"மாமா, கேட் சிக்ஸ் நாலு பொட்டி, முழுச் செம்பு, தகடு இல்லாதது, சரிதானே?" என்று மாப்பிள்ளை மேலே பார்த்துக் கேட்டார். "நானே போய் வாங்கிட்டு வரட்டுமா?"

கூரைத் துளைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, பாக்கெட்டிலிருந்த சின்னக் கத்தியை அவரிடம் நீட்டியது.